தொண்ணூறு பாகைச் சாய்வு

நாட்டில் நேராக நிற்க வேண்டியவை எல்லாம் நேராகத்தான் நிற்கின்றனவா என்று அளந்தறிந்து ஆவன செய்யும் பொருட்டு, செங்குத்து உறுதிப்பாட்டுப் பிரிவு என்று ஒன்று புதிதாக ஏற்படுத்தப்பட்டது. அப்படி ஒரு பிரிவு இல்லாமல் இத்தனை நாள் எப்படித்தான் நின்றுகொண்டிருந்தோமோ என்று மக்கள் வியந்தார்கள்.

செந்துறைக்குக் கிழக்கே கீழநத்தக்காட்டில் இருந்த செங்கமலத்துக்கு அவ்வளவு பெரிய வியப்பெல்லாம் வரவில்லை. அவருடைய கவலை ஒரே ஒரு கம்பம். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டுப் போனதில், வாசலில் இருந்த சோலார் விளக்குக் கம்பம், உச்சியில் பேட்டரிப் பெட்டியோடு, பக்கத்து அறையின் ஓட்டுக்கூரையை எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்துவிட்டது. மகள் வளர்மதி ஆடிக் கடைசியில் பிரசவத்துக்கு வருகிறாள். படுக்கப்போவது அந்த அறையில்தான். ஆடிக் காற்றோ சொல்பேச்சுக் கேட்காது.

"மாரியாத்தா, எம்மவ வர்றதுக்குள்ள இத நிமித்திக் குடு" என்று விளக்கேற்றிக் கும்பிட்டார். ஆபீசுக்கும் மனு போட்டார். ஆத்தாவுக்கு ஒரு தடவை சொன்னால் போதும். ஆபீசுக்கு மூன்று நகல், இரண்டு போட்டோ.

மூன்றாம் மாதம் சாய்மான ஆய்வாளர் அய்யம்பெருமாள் வந்து இறங்கினார். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துவந்த கோணமானி. கம்பத்தடியில் குந்தி, கோணமானியைத் தரையில் வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"அறுபது."

"ஐயோ, அவ்வளவா சாஞ்சிருக்குங்க?"

"பயப்படாதீங்கம்மா. எதிர்க்க இருக்கறதயும் பார்த்துடுவோம்."

எதிர்க் கம்பம் நட்ட நாளிலிருந்து ஒரு மயிரிழை அசையாதது. அதை அளந்ததும் ஆய்வாளர் முகம் வெளுத்துவிட்டது.

"தொண்ணூறு! ஃபாரத்துல 'செங்குத்திலிருந்து சாய்ந்துள்ள கோணம்'னு போட்டிருக்கு. பத்துக்கு மேல போனாலே அபாயம். இது தொண்ணூறு! கொழந்தைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க."

பக்கத்தில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனார் சின்னதுரை கரணையைக் கீழே வைத்தான்.

"சார், அது செங்குத்தா, நட்டமா நிக்கிது சார். நீங்க தரையிலேருந்து அளக்குறீங்க. ஃபாரத்துல கேட்டிருக்கறது நட்டத்துலேருந்து."

"தம்பி, எந்தக் கம்பமும் தரையிலேருந்துதானே கெளம்புது? வேற எங்கேருந்து அளக்கறது, ஆகாசத்துலேருந்தா?"

"இருங்க சார்." சின்னதுரை சாரத்தில் ஏறித் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான். குண்டு ஆடி அடங்கி நின்றது. "இந்த நூலுதான் நட்டம். கம்பம் இதுலேருந்து எவ்வளவு வெலகியிருக்குன்னு பாருங்க. செங்கமலம் அத்தை வூட்டுது முப்பது வரும். எதிர்க்க உள்ளது பூஜ்யம்."

ஆய்வாளர் நியாயமான மனிதர். மறுக்கவில்லை. நூலுக்கு அடியில் குந்திக் கோணமானியை வைத்தார்.

"தொண்ணூறு. ஏன் தம்பி, ஒங்க நூலே தொண்ணூறு பாகை சாஞ்சிருக்கு. இத வச்சிக்கிட்டா வூடு கட்டுறீங்க?"

சுவருக்குச் சொந்தக்காரர் அமாவாசை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நானும் அப்பவே நெனச்சேன் சார்."

சின்னதுரை சாரத்திலிருந்து இறங்கினான். "அப்ப சாயாதது எதுங்க சார்?"

ஆய்வாளர் சுற்றிலும் பார்த்தார். போன வருஷப் புயலில் விழுந்த பனைமரம் ஒன்று ஓடையோரம் கிடந்தது. அளந்தார். "பூஜ்யம்! துளி சாய்வு இல்ல. ஒரு மரத்துக்கு இருக்கற கட்டுப்பாடு மனுசனுக்கு இருக்கா?"

அந்தப் பனையோடு ஒரு செல்பியும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மிஷின் வந்தது. அபாயகரமாக நிமிர்ந்து நின்ற இருபத்திரண்டு கம்பங்களும், உரிய மரியாதையுடன், சாக்கடையோரமாகப் படுக்கவைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 'நேர்செய்யப்பட்டது' என்று மஞ்சள் பெயின்டில் எழுதினார்கள். அன்று சாயங்காலம் தெரு கும்மிருட்டு. சாக்கடையில் மட்டும் திருவிழா வெளிச்சம். ஊர் குறைசொல்லவில்லை. 'எங்கள் ஊர், சாய்வில்லா ஊர்' என்று எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில், எங்களுக்கு எப்போது என்று மனுப் போட்டார்கள்.

செங்கமலம் நேரே கோயிலுக்குப் போய் வேண்டுதலை மாற்றிக்கொண்டார். "ஆத்தா, அந்த சாரு என் கம்பத்த மறந்துடட்டும். நேர்செஞ்சாங்கன்னா கம்பம் ஓட்டு மேலதான் படுக்கும்."

ஆத்தா அதையும் கேட்டாள். மிஷின் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. ஆனால் ஊருக்குச் 'சாய்வில்லா ஊர்' விருது அறிவித்தபோது, நிலுவையில் ஒரே ஒரு மனு இருப்பது தெரியவந்தது. விருதுநாள் காலையில் அய்யம்பெருமாள் காகிதமும் பேனாவுமாக வந்தார்.

"'என் கம்பம் நேராக உள்ளது'ன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

"சாஞ்சிருக்கே சார். வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றீங்களே."

"ஒருத்தருக்காக ஊரு விருத விடறதா?" என்றார் அமாவாசை. "போடு தங்கச்சி. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"எனக்கு ஆத்தாகிட்ட நேராவே பேச்சு இருக்குண்ணே."

அதற்குள் போட்டோக்காரர் கூப்பிட்டார். ஊரே செங்கமலத்தின் கம்பத்தடியில் வரிசையாக நின்றது. ஆய்வாளர் வழக்கம்போலக் கோணமானியை எடுத்தார். பதறிப்போனார்.

"எல்லாரும் தொண்ணூறு! இந்தப் போட்டோ மேல போனா விருது கேன்சல். தயவுசெஞ்சு எல்லாரும் நேராகிடுங்க."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முதலில் அமாவாசை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு படுத்தார். பிறகு மகளிர் குழு, பிறகு இளைஞர் மன்றம். தூக்குக்குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சின்னதுரையும் படுத்தான்.

"நீயுமா தொர?" என்றார் செங்கமலம்.

"பேச்சுக்குப் பேச்சு தூக்குக்குண்டக் காட்டுனா, நாளைக்கு எவன் வேல குடுப்பான், அத்தை?"

நின்றிருந்தவர் செங்கமலம் ஒருவர்தான். ஊரே தரையிலிருந்து அவரை முறைத்தது. கூச்சமாகப் போய்விட்டது. புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, சாய்த்த தலையைக் கையில் தாங்கியபடி கம்பத்தைப் பார்த்தார்.

ஆச்சரியம்! கம்பம் சும்மா நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வீடுதான் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது.

படுத்தவாக்கிலேயே பேனாவை வாங்கி, "ஆத்தா, பாத்துக்க, பொய்யில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இடுப்பில் போன் அடித்தது. வளர்மதி.

"அம்மா, நாளைக்குக் கெளம்பறேன். கம்பம் நேராயிடுச்சா?"

"ஆயிடுச்சு சாமி. வந்ததும் நின்னுக்கிட்டு மட்டும் பாக்காத."