அரை நூல் ஆசாமி

வேலைக்கு முன்னாடி வேலை பாக்கறவர்னு ஒரு ரகம் இருக்கு, பாத்திருக்கீங்களா? சுவத்துல ஒரு படம் மாட்டச் சொன்னா, ஆணி அடிக்கற இடத்தைக் குறிக்க பென்சில் தேடுவார், பென்சிலைச் சீவ கத்தி தேடுவார், கத்தி மொட்டைன்னு சாணை பிடிக்கக் கிளம்பிடுவார். படம் பாட்டுக்குத் தரையில சாஞ்சு கிடக்கும். மத்த வீடுகள்ல இது ஆணியோட நின்னுடும். எங்க வீட்டுல ஏரோப்ளேன் வரைக்கும் போயிடுச்சு.

ஆமாங்க, ஏரோப்ளேன்தான். ரெண்டு பேர் உக்கார்ற சின்ன விமானம். வரைபடம் வாங்கி வீட்டுலயே செஞ்சுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்களாம், எங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தராம். இறக்கைக்குள்ள விலா எலும்பு மாதிரி அலுமினியத் தகடு வரிசையா நிக்கணும். அந்த வடிவத்துல ஜோடியா ரெண்டு பலகை அறுத்து, நடுவுல தகட்டை வெச்சு இறுக்கி, வெளிய நீட்டற ஓரத்தை மரச்சுத்தியலால மடிச்சு அடிச்சா ஒரு விலா. அவ்வளவுதான் சமாச்சாரம். அந்தப் பலகைக்குப் பேரு அச்சு. எங்க குடும்பத்துக்குப் பிடிச்ச சனிக்கும் அதான் பேரு.

அச்சை வரைபடத்து மேல வைப்பார். ஒரு கண்ணை மூடுவார். மூச்சை அடக்குவார்.

"ஏங்க, சோறு ஆறுது. மேஜையைக் காலி பண்ணுங்க."

"இரும்மா. அரை நூல் கூடுது."

அரை நூல்னா ஒரு அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு. அது வெயில் காலம் முழுக்க கூடும். அரத்தால ராவுவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், பொடி பறந்து குழம்புல விழும். சரி, ஒழிஞ்சுதுன்னு நான் நிம்மதியா உக்காந்தா மழைக்காலம் வந்துடும். இப்ப "அரை நூல் குறையுது"ம்பார். ராவினதை ஒட்டவா முடியும்? புதுப் பலகை வரும். கழிச்ச பலகையையெல்லாம் எரிக்கவும் விடமாட்டார். முதல் ஜோடியில ஒண்ணு எனக்குக் காய் நறுக்கற பலகை, இன்னொண்ணு வாஷிங் மெஷின் ஆடாம இருக்க அதுக்கு அடியில. அலுமினியத் தகடு மட்டும் சுருட்டினது சுருட்டினபடி கதவுக்குப் பின்னாடி, திட்டு வாங்கின பிள்ளை மாதிரி.

நான் பழகிட்டேன். பழகாதவ எங்க மக. "முதல் அடி நீதான் அடிக்கணும்"னு அவ பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே சொல்லி வெச்சிருந்தார். இப்ப வேலை கிடைச்சு, மறுநாள் காலையில வெளியூர் கிளம்பறா. வெளிய மழை கொட்டுது.

"அப்பா, இன்னைக்கு அடிச்சிடலாமா? இதுக்கப்புறம் நான் எப்ப வருவேனோ."

பாவம், மனுஷனுக்கு ஆசைதான். புது அச்சை வெச்சார், கண்ணை மூடினார். முகம் தொங்கிப்போச்சு.

"குறையுதுடா கண்ணு. அடுத்த தடவை வர்றப்ப கண்டிப்பா…"

அவ என் மக. சட்டுனு இரும்பு ஸ்கேலை எடுத்து, அச்சு மேல வைக்காம வரைபடத்து மேல வெச்சா. வரைபடத்துல ஓரமா எழுதியிருக்கற நீளம் ஒண்ணு, ஸ்கேல் காட்டற நீளம் வேற.

"அப்பா, பலகை குறையலை. பேப்பர் வளர்ந்திருக்கு."

மழை ஈரத்துக்கு அந்தப் பேப்பர் ஊதுதாம், வெயிலுக்குச் சுருங்குதாம்! இத்தனை வருஷமா இந்த மனுஷன் விமானத்துக்கு அச்சு செய்யலைங்க, வானிலைக்குச் செஞ்சிருக்கார்.

மக நேரா அடுப்படிக்கு வந்து என் காய் பலகையை அளந்தா. எழுதியிருக்கற அளவு, அச்சு அசலா இருந்துது. முதல் ஜோடியே சரி!

அவர் பலகையைப் பாத்தார். வெங்காய வாசம் அடிச்சுது. "இதையா நான் கழிச்சேன்?"

"நீங்க கழிச்சதுலதான் நான் குடும்பமே நடத்தறேன். பேசாம மெஷினைத் தூக்குங்க."

தூக்கினார். கத்தி படாத பக்கத்தை உள்ள வெச்சு, தகட்டை நடுவுல கொடுத்து இறுக்கினாங்க. சுத்தியலை அவ கையில கொடுத்தார். டொக்! தகட்டோட மூக்கு வளைவுல கொஞ்சம் சுருக்கம் விழுந்தாலும், விலா விலாவாத்தான் வந்துது. காலையில அதைச் சேலைக்கு நடுவுல சுத்திப் பெட்டியில வெச்சுக்கிட்டு மக கிளம்பிட்டா. விமானத்துக்கு ஒரு விலா குறைச்சல். அந்தக் குறையை மட்டும் இவர் அளக்கவே இல்லை.

இப்ப தினமும் டொக்கு டொக்குனு அடிக்கறார். திருந்திட்டார்னு நினைக்கறீங்களா? அடிச்ச விலாவை அடுக்க ஒரு ஸ்டாண்டு செய்யறார். நேத்து அதுல அரை நூல் கூடுதுன்னு காதுல விழுந்துது. மெஷின் இன்னும் ஒரு பக்கமா ஆடிக்கிட்டு நிக்குது.

சிரிக்கறீங்களே, உங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி என்ன சுருட்டி வெச்சிருக்கீங்க? கத்துக்கப் போற தையலா, கட்டப் போற வீடா, யார்கிட்டயோ பேசணும்னு ராவிக்கிட்டே இருக்கற ரெண்டு வார்த்தையா? "இன்னும் கொஞ்சம் சரி பண்ணிட்டு"ன்னு வாயில வருதுல்ல? பலகையை விடுங்க. முதல்ல பேப்பரை அளந்து பாருங்க.