திங்கட்கிழமைகளில் ஓடாத வண்டி

மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, "பாத்தீங்களா, காத்து இல்லன்னா தீ அணைஞ்சிரும்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான். அறிவியல் டீச்சர். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் வீட்டில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், சேரன்மகாதேவியில் எங்கள் தெருவிலேயே கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிய முதல் பெண் நான்தான். வீரவநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் நசுங்கிப் போய்வந்த எனக்கு, வயல் காற்றில் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு தனியாகப் போவது அவ்வளவு சந்தோஷம். மாமனாருக்குத்தான் பிடிக்கவில்லை. விக்கிரமசிங்கபுரம் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

"ஆறு மாசம் பாப்பேன். அங்கன இங்கன நின்னுச்சுன்னா வித்துருவேன். பெறவு பழையபடி பஸ்ஸுதான்" என்றார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

நான் பயப்படவில்லை. என்னிடம் வாரண்டி அட்டை இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தேன். (படிக்கவில்லை. கும்பிட்டதோடு சரி.)

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க ஆற்றுக்குப் போகும்போது வண்டியையும் கூட்டிப்போவேன். எங்கள் பக்கம் மாடு, சைக்கிள், லாரி எல்லாமே தாமிரபரணியில்தான் குளிக்கும். வண்டி மணப்பெண் மாதிரி ஜொலிக்கும். ஆனால் திங்கட்கிழமை காலையில் எவ்வளவு உதைத்தாலும் கிளம்பாது. மாமா பல் குச்சியோடு வாசலில் வந்து நின்று, "என்னம்மா, இன்னைக்கும் கோவமா?" என்பார். பஸ்ஸைப் பிடித்து ஓடினால், பள்ளியில் பெரிய டீச்சர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

லீவு கிடைத்து, புதன்கிழமை திருநெல்வேலி ஷோரூமுக்குக் கொண்டுபோனால் சனியன் ஒரே உதையில் கிளம்பிவிடும். "நல்லாத்தானே ஓடுது டீச்சர்?" என்பார் மெக்கானிக். இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் என் கோபம் மட்டும்தான் சர்வீஸ் ஆகித் திரும்பியது.

நான்காவது திங்கட்கிழமை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வண்டி மக்கர் செய்யும்போதே கையும் களவுமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். மினி லாரியில் ஏற்றினேன். சண்டை போடக் குரல் வேண்டுமே என்று மாமாவையும் அழைத்தேன். வண்டி தொலைந்தது என்ற நிம்மதியில் அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஷோரூம் வாசலிலேயே ஆரம்பித்தேன். "வாரண்டி இருக்கு. வேற வண்டி தந்தாத்தான் இந்த எடத்த விட்டு நகருவேன்!"

"வேற வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இதத் திருப்பி எடுத்துக்கிடும் வே!" என்று மாமா முழங்கினார். வேறு வண்டி வாங்க வந்திருந்தவர்கள்கூட எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

மெக்கானிக் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் டப்பாவைத் திறந்து பையச் சாய்த்தார். கலங்கல் தண்ணீர் கொட்டியது. அதன் பின்னால் கொஞ்சம் பாசி. பாசியின் பின்னால் ஒரு அயிரை மீன்.

மெக்கானிக் அதை உள்ளங்கையில் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"டீச்சர்... வண்டிய எங்கன கழுவுதீங்க?"

"ஆத்துலதான்" என்றேன்.

"ஓரமா நிறுத்தியா?"

"படுக்கப் போட்டு. அப்பத்தானே வயிறு சுத்தமாவும்?"

பிறகு எழுந்த சிரிப்பு ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். வாரண்டி அட்டையை மேனேஜர் வாங்கி, மஞ்சளைச் சுரண்டிவிட்டு, தண்ணீரில் மூழ்கினால் செல்லாது என்ற வரியைக் காட்டினார். காற்று இல்லாவிட்டால் தீ அணையும். டம்ளரும் மெழுகுவர்த்தியும் கண்முன் வந்து நின்றன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானத்துக்குக்கூட இல்லை, நாளை முதல் மறுபடியும் பஸ் என்பதற்காக.

துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. மற்ற வாரங்களில் புதன்கிழமைக்குள் அதுவே காய்ந்துவிட்டிருக்கிறது. மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விற்க விலை கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாலு வாரம் தண்ணியக் குடிச்சிட்டும் ஓடியிருக்கு பாத்தியா? தங்கமான வண்டிம்மா. ஒங்கிட்ட மாட்டிக்கிட்டுல்லா முழிக்கி!" என்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "எடு, போவோம்."

பதினைந்து வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன். மீன் துள்ளியது என்று மாமா இன்றைக்கும் சாதிக்கிறார். நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. போன மாதம் மகள் புதுக் கார் வாங்கி வந்தாள். தொண்ணூறை நெருங்கும் மாமா தடவிப் பார்த்துவிட்டு, "சாவிய ஒங்கம்மைக்கிட்ட குடுத்துராத, ஞாயித்துக்கிழமை வருது" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இல்ல, குடு. ஸ்கூட்டருக்கே அயிரை கெடச்சுது. காருன்னா பெரிய வாளை மீனே கெடைக்கும்."