பதினொரு கையெழுத்து

நிக்டியில் புது வீட்டுச் சாவி வாங்கி ஐந்து மாதம் ஆயிற்று. சாங்வியில் இருக்கும் பழைய வீடு இன்னும் விற்கவில்லை. அதை விற்றுக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லித்தான் ரங்கராஜன் பாங்க்கில் ஆறு மாதத்துக்கு பிரிட்ஜ் லோன் வாங்கியிருந்தார்.

ஆள் கிடைக்காமல் இல்லை. தேஷ்பாண்டே என்று ஒருவர் முன்பணத்தோடு தயாராக இருந்தார். தடை ஒரே ஒரு காகிதம். வீட்டை விற்பவர் அந்தக் குடியிருப்பு சொசைட்டியின் மற்ற பதினொரு வீட்டுக்காரர்களிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கவேண்டும். முன்பு ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு டிரம்ஸ் மாஸ்டருக்கு விற்றுவிட்டுப் போனதால் வந்த விதி. அதைப் போட்டவர் சொசைட்டி செக்ரெட்டரி. ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கும் மகானுபாவர் சாட்சாத் ரங்கராஜனேதான்.

"நேரா போய்க் கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி பட்டு.

"யார் போடுவா? ஈரத்துணி சொட்டினதுக்கு குல்கர்ணிக்கு எத்தனை ஃபைன் போட்டிருக்கேன்! முதல்ல எல்லாரையும் குளிர வைக்கணும்."

குளிர வைக்கும் படலம் ஆரம்பமாயிற்று. ஃபைன் எல்லாம் ரத்து. பீரோவில் பூட்டி வைத்திருந்த பதினேழு கிரிக்கெட் பந்துகளையும் பையன்களிடம் திருப்பிக் கொடுத்தார். மறுநாளே அதில் ஒன்று அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல ஷாட் என்று பாராட்டினார். காலை ஏழு அடித்தால் தண்ணீரை நிறுத்திவிடுகிறவர் ஒன்பது வரை விட்டார். மோட்டார் மக்கர் செய்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தொட்டிக்குள் இறங்கினார்.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கையில் காகிதத்தோடு படியேறினார். குல்கர்ணி மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. பாட்டீல், சத்தாராவுக்குப் போன மனைவி வரட்டும் என்றார். அந்த அம்மாள் சமையலறையில் இருமினாள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் பார்க்கலாம் என்றார்கள்.

மீட்டிங்கில் ரங்கராஜனுக்குச் சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்து, வாயில் பேடா திணித்தார்கள். இன்னும் ஐந்து வருஷத்துக்கு அவரே செக்ரெட்டரி என்று கைதட்டி நிறைவேற்றினார்கள். காகிதம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே தேஷ்பாண்டே போன் செய்து, திங்கட்கிழமை தாண்டினால் வேறு வீடு பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

திங்கள் காலை ரங்கராஜன் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சால்வை போத்திக் கழுத்தறுக்கறா பட்டு. ஒன்பது வருஷக் கோபம்."

தரை துடைத்துக்கொண்டிருந்த பவுன் நிமிர்ந்தாள். ஏரவாடாவிலிருந்து பஸ் பிடித்து வந்து அந்தக் கட்டடத்தில் எட்டு வீட்டில் வேலை செய்கிறவள்.

"கோவமா? நீங்க நிக்டியில வீடு வாங்கினது அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும் சார். தொல்லை விட்டுதுன்னு பேனாவைத் தெறந்து வெச்சிக்கினு காத்திருந்தாங்க. நடுவுல நீங்க நல்லவராயிட்டீங்க, இப்ப விட மனசு வரல."

பட்டு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பவுன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஏழு சார். போய்த் தண்ணிய நிறுத்துங்க, ஒம்போதுக்குள்ள பதினொரு கையெழுத்தும் வந்துடும்."