ஆடி மாதம் வந்த இன்லண்ட் லெட்டர்

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். மலையாளம் வாசிக்கத் தெரியும் என்றேன்.

எழுபதுகளில் திருநெல்வேலியிலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து, தம்பானூரில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். பெண் கோமதி வித்துராக்காரி. அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் அவள் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து தெரியாது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஆடி பிறந்தது. வழக்கப்படி பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பத்தாம் நாள் ஓர் இன்லண்ட் லெட்டர். ஜாங்கிரி பிழிந்த மாதிரி உள்ளே நெருக்கமாக மலையாளம். யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். (புது மனைவி எழுதியதை ஆபீஸ் பியூன் உரக்க வாசிப்பதா?) மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துத் திரிந்துவிட்டு, தமிழில் பதில் போட்டேன்: "மூன்று முறை வாசித்தேன். நீ எழுதியபடியே செய்." எதற்கும் பொருந்தும் பதில் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஆடி முடிந்தது. கோமதி வரவில்லை. ஆவணியிலும் பத்து நாள் போயிற்று. தினமும் ஆபீஸ் விட்டதும் பஸ் ஸ்டாண்டில் நின்று, வித்துரா பஸ்ஸில் கடைசி ஆள் இறங்கும்வரை பார்ப்பேன். வீட்டில் அவள் விட்டுப்போன சீப்பு மட்டும் இருந்தது.

பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். "வாங்க மருமவனே" என்ற மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க? நான் வேண்டாம்னுதானே எழுதினீங்க?" என்றாள் கோமதி.

"நானா?"

"உடனே வந்து கூட்டிட்டுப் போங்க, வேண்டாம்னா நான் இங்கயே இருந்துக்கிடுதேன்னு எழுதினேன். நீ எழுதியபடியே செய்னு உங்க பதிலை அப்பா வாசிச்சுக் காட்டினாங்க. எவ்வளவு நாணக்கேடு!"

பதறிப்போய்ப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். "பாரு, நெஞ்சோடயே வெச்சிருக்கேன்."

"அப்போ வாசிங்க."

ஒரு வரியில் விரலை வைத்து, "அன்புள்ள அத்தானுக்கு, நீங்கள் இல்லாமல் இங்கே மழைகூட..." என்று உருகினேன்.

"அது எங்க கடை விலாசம்" என்றாள்.

உள்ளே மாமனார் பலமாக இருமினார்.

"அப்போ... வேண்டாம்னு எழுதலியா? வாசிக்கவே தெரியாதா?" என்றாள் கோமதி.

தலையாட்டினேன். என் அறியாமைக்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சிரித்தாள், அழுதாள், கடிதத்தைப் பறித்து அடுப்பில் போட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றாக பஸ் ஏறினோம்.

பிறகு அவளிடமே மலையாளம் படித்தேன். இன்றும் வீட்டுக்கு எந்தத் தபால் வந்தாலும், "அப்பாட்ட குடுங்க, விலாசத்தை உருக்கமா வாசிப்பாங்க" என்பார்கள் பிள்ளைகள்.

அவள் எனக்குச் சொன்னது இரண்டு வரி. அந்தக் கடிதத்திலோ ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருந்தது. மிச்சம் என்ன என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறேன்.

"அப்பவே வாசிச்சிருக்கணும்" என்கிறாள்.