நாற்பத்தொரு திருத்தங்களும் மூன்று முட்டை பப்ஸும்

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், அழ மாட்டேன்; கணினியில் எழுதுவேன். எழுதிச் சேமித்து, ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். இருபது வருடம் கணக்காளராக இருந்தும் என் ரத்த அழுத்தம் ஏறாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். (இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கும் இதுதான் காரணம்.)

சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் கம்பெனியில் எனக்கு வேலை. கணக்கில் ஏறும் ஒவ்வொரு செலவுக்கும் கீழே, அது எதற்காக என்று ஒரு வரி எழுத இடம் இருக்கும். எங்கள் தொழிலில் அதற்கு நரேஷன் என்று பெயர். அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நானோ மனதில் இருப்பதை முதலில் தமிழில் எழுதுவேன். மனம் ஆறியதும் துடைத்துவிட்டு, ஆங்கிலத்தில் பயணச் செலவு, பராமரிப்புச் செலவு என்று மாற்றிவிடுவேன். தமிழில் எழுதுவதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள்; ஒருவருக்கும் படிக்க வராது. முதலாளி முனிரத்தினம் உட்பட எல்லோரும் தெலுங்கு மீடியம். நான் மட்டும் சர்ச்சில் தமிழ் பைபிள் வாசித்தே எழுத்துகளை மறக்காமல் வைத்திருப்பவள்.

இப்படியிருக்கையில் சட்டம் மாறியது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்க வேண்டும். யார், எப்போது, எதை, எதுவாக மாற்றினார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை நிறுத்த முடியாது. ஆண்டு முழுவதும் அது ஓடியதா, யாராவது கைவைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

இதைப் பற்றித் திருப்பதியில் நடந்த ஒருநாள் வகுப்புக்கு எங்கள் கம்பெனியிலிருந்து போனவள் யார்? நான்தான். முதல் வரிசை, பதினான்கு பக்கக் குறிப்பு, முக்கியமான இடங்களில் சிவப்புக் கோடு. திரும்பி வந்து எல்லோரையும் நிற்கவைத்து, “இனிமே எதையும் அழிச்சிட்டுத் தப்பிக்க முடியாது” என்று பிரசங்கம் செய்தவளும் நான்தான். ஏப்ரல் முதல் தேதி காலை 9.05க்கு அந்த வசதியை இயக்கியவளும் நான்தான்.

9.40க்கு முதலாளியின் மச்சான் குமார் டாக்சி பில்லோடு வந்தார். வழக்கம்போல் எழுதினேன், சேமித்தேன், படித்தேன், திருத்தினேன்.

(சட்டம் மற்றவர்களுக்குத்தான் என்று நினைத்தேனா? அப்படி எதையும் நினைக்கவேயில்லை. யோசித்துக்கொண்டா பல் துலக்குகிறோம்?)

ஆண்டு முடிந்தது. “ஆடிட் சுத்தமா முடியட்டும் ஜெயா, ஒன்னத்தான் அக்கவுண்ட்ஸ் மேனேஜரா போடறேன்” என்று முதலாளி சொல்லியிருந்தார். குமாருக்கும் அந்த நாற்காலி மேல் ஒரு கண். இருவரும் அறையில் இருக்கும்போதுதான், திருப்பதியிலிருந்து வந்த ஆடிட்டர் பிரசாத் பப்ஸ் தட்டை ஒதுக்கிவிட்டுத் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

“அம்மா, நாப்பத்தியொண்ணு நரேஷன் மாறியிருக்கு. எல்லாம் நீங்களே. மொதல்ல தமிழு, அப்புறம் இங்கிலீஷு. தமிழ்ல ஏமி ராசாரு?”

என்ன எழுதினேன் என்றா கேட்கிறார்! பதினான்கு பக்கமும் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது, சிவப்புக் கோடுகளோடு.

“பயணச் செலவுன்னு சார்.”

“மூணு லைன் இருக்கு. நீங்க ரெண்டு வார்த்தை சொல்றீங்க.” அவர் கைப்பேசியை எடுத்தார். “பரவால்ல, போட்டோ புடிச்சா இது தெலுங்குல செப்பிடும்.”

கைப்பேசி தப்பும் தவறுமாக மொழிபெயர்த்தால் என் மானம் இரண்டு முறை போகும். “வேணாம் சார், நானே வாசிக்கிறேன்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதப்பகுதி வாசிக்கும் குரல்தான் வந்தது. எனக்கு வேறு குரல் கிடையாது.

“‘பிச்சாட்டூர் மாந்தோப்புகளைப் பார்வையிட டாக்சி. தோப்பைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்தார். வறுத்த மீன் ஒன்பது துண்டு துன்னார்.’”

குமார் எழுந்தே விட்டார். “இன்னா மாமா இது? இந்தம்மா என்னை வேவு பாத்துக்கினு இருந்துதா?”

“நீ உக்காருடா. ஒம்போதா?” என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். “அடுத்தது படிம்மா.”

“‘முதலாளி அறைக்கு மட்டும் புது ஏசி. மாம்பழமே வேகிற இடத்தில் கணக்குப் பிரிவும் சேர்ந்து வெந்தால் என்ன குறை.’”

முதலாளி ஏசியை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அது பாட்டுக்குக் குளிர்ந்துகொண்டிருந்தது.

“பாகா ராசாரு! நல்லா எழுதியிருக்கீங்க!” என்று ஆடிட்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “அடுத்தது?”

“அது வேணாம் சார்.”

“செக் பண்ண எடுத்த சாம்பிள்ல வந்திருச்சும்மா. விட முடியாது.”

“‘போன வருட ஆடிட் சிற்றுண்டி. முட்டை பப்ஸ் ஆறு. ஆடிட்டர் துன்னது மூன்று. சரிபார்த்த வவுச்சர் இரண்டு.’”

வாய்க்குப் பக்கத்தில் போயிருந்த பப்ஸை அவர் மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார்.

பிறகு முதலாளி கேட்டார்: “நெஞ்சுல கைய வச்சி சொல்லு. எழுதுனதெல்லாம் நெஜமா?”

“நிஜம் சார். டாக்சி பில்லோடு மீன் கடை ரசீதும் வந்தது; பப்ஸை நானே எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன்.”

“நெஜத்த எழுதிட்டு அப்புறம் ஏன் மாத்தின?”

நான் தட்டில் மிச்சமிருந்த பப்ஸை எண்ணத் தொடங்கினேன்.

ஆடிட்டர்தான் தொண்டையைச் செருமினார். “சார், தொகை ஒரு ரூபா மாறல. திருத்தத்த பதியற லாக் வருஷம் பூரா ஓடிச்சான்னு நான் எழுதணும். எனக்கு இதவிட ப்ரூஃப் வேணாம். அத நிறுத்த வழி இருந்திருந்தா, மொதல்ல இந்தம்மாதான் நிறுத்தியிருப்பாங்க!”

முதலாளி சிரித்த சிரிப்பில் தட்டு நகர்ந்தது. அறிக்கை சுத்தமாக வந்தது. நாற்காலியும் வந்தது, மே மாதம் கணக்குப் பிரிவுக்கு ஏசியும் வந்தது. குமாருக்குத் தோப்பு பார்க்கும் ஆசை போய்விட்டது. ஆடிட்டர் இப்போதும் வருகிறார். ஒரே ஒரு பப்ஸை எடுத்து என் கண்ணெதிரே தூக்கிக் காட்டி, எழுதிக்கொள்ளச் சொல்வார்: “ராசுகோண்டி அம்மா, ஒண்ணு.”

என் கோபம் எங்கே போவது? வீட்டுக்காரர் ஒரு டைரி வாங்கிக் கொடுத்து, “இதுக்கு ஆடிட் கெடையாது” என்றார். அன்றிலிருந்து தினமும் எழுதுகிறேன். ஜாஸ்தியாகப் போய்விட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிடுவேன்.

ஆனால் ஆடிட் இருக்கிறது. பைபிள் வாசிப்பதற்காகத் தமிழ் எழுத்து கற்றுக்கொள் என்று ஏழு வருடம் கெஞ்சியும் மசியாத என் மகள், அடித்த வரிகளைப் படிப்பதற்காகவே மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் தடங்கலில்லாமல் வாசித்த முதல் தமிழ் வரி, அதே சபைக் குரலில்:

“‘மகள் இன்றும் பாத்திரம் துலக்கவில்லை. அப்பன் புத்தி.’ ஏம்மா, நெஜந்தானே? அப்புறம் ஏன் அடிச்ச?”