சிக்னல் மாஸ்டர் பாஸ் போட்ட ஷேர்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அவசரப்படுத்தக் கூடாது. ஷேர் மார்க்கெட்டைப் பனியன் மாதிரி உள்பக்கம் திருப்பிப் பார்த்தவர் இந்தத் திருப்பூரிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சிக்னல் மாஸ்டர்.

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கு அவர்தான் மாஸ்டர். எல்லோர் கைக்கும் செல்போன் வந்துகொண்டிருந்த காலம் அது. செல்போனுக்கு சிக்னல் தரும் கம்பெனி ஒன்றின் ஷேர் ஏறும் என்று ஷேர் ஆபீஸ் தம்பி ஆசை காட்டிவிட்டுப் போனார். தீபாவளி போனஸை அதில் போடலாமா என்று செக்கிங் பெண்கள் எங்கள் நான்கு பேருக்கும் யோசனை. என் நடு மகள் கைக்குழந்தையோடு கம்பெனி கம்பெனியாக அலைந்துகொண்டிருந்தாள். வீட்டிலேயே ஓர் ஓவர்லாக் மெஷின் இருந்தால் உட்கார்ந்து தைப்பாள். என் போனஸ் அதில் பாதிக்குக்கூடக் காணாது. மாஸ்டரைக் கேட்டோம்.

"லாட்டைப் பாக்காம எப்படீங்க பாஸ் போடறது?" என்றார்.

லாட் என்றால் ஒரே தடவையில் ஏற்றுமதியாகும் மொத்தப் பனியன், எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க மாட்டோம். பெட்டிக்குள் கைவிட்டு நாலு பீஸ் உருவுவோம். அதில் குறை மிஞ்சினால் மொத்த லாட்டும் நிற்கும். மாஸ்டருக்கு ஷேரும் அப்படித்தான். ஒவ்வோர் ஊரும் ஒரு பீஸ். ஞாயிறுதோறும் அந்தக் கம்பெனி சிக்னல் போட்ட செல்போனோடு பஸ் ஏறுவார், இறங்கிய இடத்திலிருந்து என் மகன் போனுக்குக் கூப்பிடுவார். சிக்னல் அறுந்த இடத்தில், பனியனில் குறை காட்ட நாங்கள் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். சுவர், மைல்கல், ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் வயிறு. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை நடுவில் நின்று கூப்பிட்டார். குடம் அடிப்பது கணீரென்று கேட்டது, மாஸ்டரைத்தான் கேட்கவில்லை. குறை கம்பெனிக்கா குடத்துக்கா என்று ஒரு வாரம் யோசித்தார். வெள்ளகோவிலில் ஒரு கோயில் தூணில் ஒட்டப்போய்ப் பூசாரியிடம் மாட்டினார். "இங்க டிபெக்டுங்க சாமி" என்று பணிவாகச் சொன்னாராம். பஸ் ஏற்றிவிட ஊரே வந்ததாம்.

சாமளாபுரத்தில் தறிகளுக்கு நடுவே சிக்னலே இல்லை. லாட் பெயில்.

ஷேரோ தினமும் ஏறிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேசம்மாள், அவளுக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர், அது கம்பெனியா, ஜட்டியா? இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கிய."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. நடுவுல விட்டுப்போச்சுன்னா மானம் போயிருமுங்க."

சில மாதத்தில் ஷேர் சரிந்தது. ஷேர் ஆபீஸ் தம்பி வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினார். தப்பித்தோம் என்று நாங்கள் அதை மறந்தோம். மாஸ்டர் மறக்கவில்லை. நிறுத்திய லாட்டை மறுபடி பார்க்காமல் விடுவது பாவம் என்பார். அதே ஊர்களுக்குத் திரும்பவும் பஸ் ஏறினார். ஒரு ஞாயிறு மத்தியானம் போனை எடுத்தால் தறிச் சத்தம்.

"அக்கா, சாமளாபுரத்துல டவர் போட்டுட்டாங்க. நாம்பேசறது கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குதுங்க மாஸ்டர்."

"அப்ப லாட் பாஸுங்க. வெலையும் எறங்கிக் கெடக்குது, போடுங்க."

ஊரே விற்றபோது நாங்கள் நால்வரும் வாங்கினோம். இரண்டு வருஷம் காத்திருந்தோம். பிறகு ஏறியது, விற்றோம். என் வீட்டு முன்னறையில் ஓவர்லாக் மெஷின் ஓடியது. மகள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தைத்தாள்.

இனிப்போடு போய், உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று மாஸ்டரைக் கேட்டோம். அவர் ஒரு ஷேர்கூட வாங்கவில்லை. பாஸ் போட்டவர் அந்த லாட்டில் ஒரு பீஸும் எடுக்கக் கூடாது என்பது செக்கிங் வழக்கம்.

"அப்பறம் எதுக்குங்க இத்தன ஊரு அலஞ்சீங்க?" என்றேன்.

"நீங்க பாத்து அனுப்புன பீஸெல்லாம் வெளிநாட்டுக்காரனே போட்டுக்கறானுங்க. ஒரு லாட்டாச்சும் உங்களுக்குன்னு பாக்கலாமுன்னுதானுங்கக்கா."

சேசம்மாள் இனிப்புப் பெட்டியை அவர் கையிலேயே திணித்தாள்.

கண்ணு, பாட்டி எழுதுன இதை ஒருக்கா எனக்குப் படிச்சுக் காட்டு. மாஸ்டரை எங்கியாச்சும் ஜாஸ்தியாக் கேலி பண்ணியிருந்தா, அந்த வரிய அடிச்சுப் போடு.