உண்ணாமலை சொன்ன பத்தியம்

எங்கள் சர்க்கரை ஆலையில் இந்த வருஷக் கரும்பு அரவை முடிவதற்குள் நான் ஆம்பளை என்று நிரூபித்தே தீருவது என்று முடிவு கட்டினேன். சில மாதங்களாகப் படுக்கையில் எனக்குத் தோல்விதான். என் மனைவி உண்ணாமலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் பெரிய அவமானம்.

பெரம்பலூர் லாட்ஜுக்கு வந்து போகும் வைத்தியர் நாடி பிடித்து, "நரம்புத் தளர்ச்சி" என்றார். அவர் போர்டிலும் அதுவேதான் எழுதியிருந்தது. லேகிய டப்பாவோடு எறையூர் திரும்பினேன்.

"என்னங்க அது?"

"இடுப்பு வலிக்கு."

"பத்தியம் என்ன சொன்னாரு?"

வைத்தியர் பத்தியம் எதுவும் சொல்லவில்லை. பத்தியம் இல்லாத மருந்தை எவன் நம்புவான்?

"எங்க அண்ணனும் இதத்தான் தின்னுச்சு. பத்தியம் எனக்குத் தெரியும். டப்பாவக் குடுங்க, வேளைக்கு நானே எடுத்துத் தரேன்."

சொன்னாள் பாருங்கள் பத்தியம்! ஆலை விட்டதும் சீட்டாட உட்காரக் கூடாது. பீடி ஆகாது. குளித்துவிட்டுத்தான் சாப்பாடு. சாப்பிட்டதும் குறட்டை விடாமல் அவளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். கத்தினால் மருந்து முறிந்துவிடும். என் இடுப்புக்கு அவள் எண்ணெய் தேய்ப்பாள். பதிலுக்கு நான் அவள் காலுக்குத் தேய்க்க வேண்டும்.

நரம்பு என்றால் வாழையிலையில் இருப்பது என்று நினைக்கிற பொம்பளை! இடுப்பு வலி என்றதும் நம்பிவிட்டாளே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எல்லாம் செய்தேன்.

லேகியம் என்றால் அதுவல்லவா லேகியம்! டப்பா பாதியாவதற்குள் உண்ணாமலை சுவரை மறந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை பார்க்கும் வீரமுத்துவிடம் மீசையை முறுக்கிக்கொண்டு லாட்ஜுக்கு வழி சொன்னேன்.

டப்பா காலியானது. சட்டையை மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பெரம்பலூருக்கு. லேகியம் வாங்க."

"நரம்புத் தளர்ச்சிக்கா?"

மீசை தானாக இறங்கியது.

"டப்பா மேலயே போட்டிருந்துச்சே. அத அன்னிக்கே எருமைக்கு வச்சேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நீங்க தின்னது புளியும் வெல்லமும்."

"அப்ப... எப்புடிடீ?"

"வேலை அலுப்பு, சீட்டுல தோத்த எரிச்சல், எம்மேல கத்துன கத்தல், எல்லாத்தயும் தூக்கிட்டு வந்து படுத்தா நரம்பு எப்புடிங்க சொன்ன பேச்சு கேக்கும்? எனக்கும் நரம்பு இருக்கு. அதுக்கும் நாலு நல்ல வார்த்த வேணும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னியோட ஒன் பத்தியம் முடிஞ்சுது!"

"சரிங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எண்ணெய்க் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.